எண்ணெய் தின்னும் ஊழியர்கள்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. குளம் என்பது மரியாதைக்குச் சொல்வது. பக்கத்தில் இருந்த எண்ணெய்க் கிடங்கு வருஷக்கணக்காக அதற்குள் கசிந்தது. பிறகு கிடங்கையே இழுத்து மூடிவிட்டார்கள். தண்ணீர் மட்டும் கறுப்பாக அப்படியே நின்றது. ஒரு தீக்குச்சி விழுந்தால் தெருவே போய்விடும் என்று பக்கத்து வீட்டு பிளம்பர் சொல்லுவார், சொல்லிக்கொண்டே சிகரெட் பற்றவைப்பார். நான் பிறவித் தொடைநடுங்கி. அவர் தீப்பெட்டியைத் தட்டும் சத்தம் கேட்டாலே கடைக்குள் போய் நின்றுகொள்வேன்.

கடை என்றால் லாண்ட்ரி. முன்னறையில் இரண்டு சலவை மெஷினும் இஸ்திரி மேஜையும். பின்னறையில் நானும் மனைவியும் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளும். மகளை வீட்டில் வாலு என்று கூப்பிடுவோம். இந்தக் கதையில் நான் காப்பாற்ற நினைத்தது அவளுடைய வலது காலை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாரியத்தின் பேச்சைக் கேட்க ஆரம்பித்தால் எதைக் காப்பாற்ற வந்தோம் என்பதே மறந்துபோகும். எனக்கே ஒரு முறை மறந்துபோனது.

வாரியம் என்றால் மாசு நீக்க வாரியம். ஒருநாள் காலையில் லாரியில் வந்து நீல நிற ட்ரம்களை இறக்கினார்கள். உள்ளே பாக்டீரியா. எண்ணெயைத் தின்று செரித்துத் தண்ணீரைத் தண்ணீராக்கிவிடும் ரகமாம். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிளம்பர் கை தட்டினார், நானும் தட்டினேன். ஆணையர் மைக்கைப் பிடித்தார். மெலிந்த மனிதர், குரலை உயர்த்தவே தெரியாதவர்.

“இவங்க காலைல லேட்டா வர மாட்டாங்க. லீவு கேக்க மாட்டாங்க. ஏன் எதுக்குன்னு திருப்பிக் கேக்க மாட்டாங்க. நாம எதைக் கொண்டாந்து கொட்டினாலும் சாப்பிடுவாங்க. என் சர்வீஸ் பூரா நான் ஏங்கின ஊழியர்கள் இவங்கதான்,” என்றார். சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்த ட்ரம்மைத் தடவிக்கொடுத்தார். பின்வரிசையில் நின்ற மனித ஊழியர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊழியர்கள் என்று அவர் சொன்னதை நான் ஒரு பேச்சுக்காகச் சொன்னது என்று நினைத்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன். வாரியத்தில் அந்த வருஷம் பொருள் எதுவும் வாங்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு இருந்ததாம். ஆள் எடுப்பதற்கு மட்டும் தடை இல்லையாம். அதனால் பாக்டீரியாவைப் பொருளாக வாங்காமல் ஆளாக எடுத்துவிட்டார்கள். ட்ரம்மில் இருந்த அத்தனை பேருக்கும் முறைப்படி வேலை நியமனம் ஆகியிருந்தது. ஊழியர் என்று ஆகிவிட்டால் ஊழியருக்கு உள்ள சட்டம் முழுக்க ஒட்டிக்கொண்டு வரும், அதை யாராலும் தடுக்க முடியாது.

முதலில் குளத்துக்கு மேலே தார்ப்பாய் போட்டார்கள். வெயிலில் வேலை வாங்கினால் ஊழியர் நலப் பிரிவு கேள்வி கேட்குமாம். காற்றுப் புகாமல் மூடியதும் நாற்றம் இரண்டு மடங்காகியது. மூக்கைப் பொத்திக்கொண்டு போய் ஆணையரிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடி ஆழமாக இழுத்துப் பார்த்துவிட்டு, “வேலை நடக்கற வாசனைங்க,” என்றார். பிறகு தெருவைச் சுற்றித் தகரத்தில் வேலி அடித்து, ஒரு கேட் வைத்து, காவலாளியையும் உட்காரவைத்தார்கள். ஊழியர்கள் மண்ணிலும் ஈரத்திலும் பரவியிருக்கலாம் என்பதால் எங்கள் தெரு முழுவதும் பணி எல்லை ஆனது.

அடுத்த வாரம் ஆணையர் கடைக்கே வந்துவிட்டார்.

“சோப்புத் தூள் எல்லாம் வெச்சிருக்கீங்க போல,” என்றார், கத்தியை எங்கே ஒளித்துவைத்திருக்கிறாய் என்று கேட்கிற மாதிரி.

“லாண்ட்ரி சார்.”

“சோப்பு பட்டா அவங்க செத்துடுவாங்க. தெரியுமில்ல?”

“சட்டைல இருக்கறதுதான் சார் சாகும். குளத்துல இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது.”

“சட்டைல இருக்கறவங்க எங்காளுங்க இல்லைன்னு உங்களால சொல்ல முடியுமா?”

அவர் பொறுமையாக விளக்கினார். ஊழியர் என்றால் அடையாள அட்டை வேண்டும். இவர்களுக்கு அட்டை மாட்டக் கழுத்து இல்லை. ஆகவே எவர் வாரியத்தின் ஆள், எவர் வெளியாள் என்று பிரிக்க வழியில்லை. வழியில்லாத பட்சத்தில் எல்லைக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத அனைவரும் வாரியத்தின் ஊழியர்களே. இதைச் சொல்லிவிட்டு என் தோளைத் தட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து வெறும் தண்ணீரில் அலசி இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். வாடிக்கையாளர்கள் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு என்னையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

பிளம்பர் என்னை மாதிரி இல்லை, ரோஷக்காரர். “இவனுங்க யாரு என் வீட்டுச் சாக்கடையைக் கேக்கறதுக்கு?” என்று சொல்லி ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரைச் சாக்கடையில் கொட்டிவிட்டார். மத்தியானமே ஜீப் வந்தது. அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தார் என்று அழைத்துப்போனார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. நான்கு நாள் நாற்காலியில் உட்காரவைத்து ஆணையர் மட்டும் அவரிடம் பேசிக்கொண்டே இருந்தாராம். திரும்பி வந்த பிளம்பர் சிகரெட்டை விட்டுவிட்டார். தெருவில் தேங்கிய தண்ணீரைக் கண்டால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, “மன்னிச்சுக்கோங்க, கொஞ்சம் வழி,” என்று சொல்லிவிட்டு ஓரமாக நடந்தார். ஒரு ஆளை அடித்துக்கூட இப்படி ஆக்க முடியாது.

இந்த லட்சணத்தில்தான் வாலு விழுந்தாள். அவர்கள் அடித்த தகர வேலியின் துருப்பிடித்த ஓரம் முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. கழுவ சோப்பு இல்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் ஊழியர்கள் சாவார்கள் என்று அதற்கும் தடை. மனைவி புடவைத் துணியைக் கிழித்துக் கட்டினாள். மூன்றாம் நாள் கால் வீங்கிப் பளபளத்தது, உடம்பு அனலாகக் கொதித்தது. அவளைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டி ஓடினேன். காவலாளி அப்போது டீ குடிக்கப் போயிருந்தான்.

டாக்டரம்மா காலைப் பார்த்ததும், “ஏன் இவ்வளவு நாள் வெச்சிருந்தீங்க? சீழ் பிடிச்சு மேல ஏறுது பாருங்க. மாத்திரை ஒரு வேளை கூட விடக்கூடாது. விட்டீங்கன்னா காலே போயிடும்,” என்றார். ஒரு ஊசி போட்டு, கையில் மாத்திரை அட்டையைக் கொடுத்தார். திரும்பி வரும்போது காவலாளி டீ குடித்து முடித்து உட்கார்ந்திருந்தான்.

பையைத் திறந்தான். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இது என்னது?”

“மாத்திரைங்க. பாப்பாவுக்கு.”

“எதைக் கொல்ற மாத்திரை?”

பொய் சொல்லியிருக்கலாம். காய்ச்சல் மாத்திரை என்று சொன்னால் முடிந்தது கதை. ஆனால் யூனிஃபார்மைக் கண்டால் என் வாய் தானாக உண்மையைச் சொல்லிவிடும். சொன்னேன். அவன் அட்டையைப் பிடுங்கிவைத்துக்கொண்டு எழுந்து இரண்டடி பின்னால் போய் விசில் ஊதினான்.

விசாரணை வாரியத்தின் கூடாரத்தில் நடந்தது. நீளமான மேஜை, அதன்மேல் பச்சைத் துணி. வாலுவை மேஜைமேல் உட்காரவைத்து, காலை நீட்டச் சொன்னார்கள். காய்ச்சலில் அவள் பற்கள் தந்தி அடித்தன. ஆணையர் புண்ணுக்கு வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

“கால்ல இருக்கறவங்க எப்ப வந்து சேர்ந்தாங்க?”

“யாரு சார்?”

“ஊழியர்கள்.”

“அது கிருமி சார். சீழ்.”

“கிருமின்னு சொல்லாதீங்க. அவங்க மனசு கஷ்டப்படும்,” என்றார் மெதுவாக.

“இது வேற ரகம் சார். குளத்துல இருக்கறது எண்ணெயைத் திங்குது. இது என் பொண்ணு காலைத் திங்குது.”

அவர் சிரித்தார். “நல்லா யோசிச்சுப் பாருங்க. எங்க வாரியத்துல எல்லாரும் அவங்கவங்க வேலையையா பாக்கறாங்க? குளத்துப் பிரிவுக்குன்னு எடுத்த ஆளு கேன்டீன்ல உக்காந்திருப்பாரு. அதுக்காக அவரு ஊழியர் இல்லைன்னு ஆயிடுமா? சரி, உங்க திருப்திக்கு ஒரு சோதனை வெச்சுடுவோம். குளத்து எண்ணெய் ஒரு கரண்டி புண்ணுல ஊத்துவோம். சாப்பிட்டாங்கன்னா எங்காளு.”

“சாப்பிடலைன்னா?”

“பசி இல்லைன்னு அர்த்தம்.”

மேஜையில் இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் ஒரு கணம் அது நியாயமாகத்தான் பட்டது. பசி இல்லாமலும் இருக்கலாமே என்று தோன்றியது. முதலில் சொன்னேனே, எதைக் காப்பாற்ற வந்தேன் என்று நான் மறந்துபோனது அந்த ஒரு கணத்தில்தான். அதற்குள் உதவியாளர் ஒருவர் கரண்டியோடு வந்துவிட்டார். கறுப்பு எண்ணெய் ஒரு துளி பச்சைத் துணியில் சொட்டியது. வாலு, “அப்பா, வேணாம்ப்பா, எரியும்ப்பா,” என்று என் சட்டையைப் பிடித்தாள். அந்தச் சத்தத்தில் எனக்கு உயிர் வந்தது. அவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு கூடாரத்தை விட்டு ஓடினேன். யாரும் துரத்தவில்லை. ஆணையர் பின்னாலிருந்து, “மெதுவாப் போங்க, உள்ள இருக்கறவங்களுக்குக் குலுங்கும்,” என்று மட்டும் சொன்னார்.

துரத்த வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. சாயங்காலமே கேட்டில் உத்தரவு ஒட்டிவிட்டார்கள். என் மகளுடைய வலது கால் வாரியத்தின் கிளை அலுவலகம். அதில் பணிபுரிபவர்களை மாற்றல் உத்தரவு இல்லாமல் எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. மாற்றல் காலம் அடுத்த வருஷம்தான்.

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். கை காலெல்லாம் உதறியது. வாலு பாயில் கிடந்து முனகினாள். சிவப்பு முழங்காலைத் தாண்டித் தொடைக்கு ஏறியிருந்தது.

“இப்படியே உக்காந்து நடுங்கிட்டே இருங்க. நான் போயிட்டு வந்துடறேன்,” என்றாள் மனைவி.

“எங்க போற? கேட்ல பிடிச்சுடுவாங்க. நாலு நாள் உக்கார வெச்சுப் பேசுவாங்க. பிளம்பரைப் பாத்தியா இல்லையா?”

“பேசட்டும். உங்களோட இத்தனை வருஷம் பேசிக் குடும்பம் நடத்திட்டேன், அந்தாளு என்ன பெரிய இவரா?”

இஸ்திரி போட்ட சட்டைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு டெலிவரி கொடுக்கப் போகிறேன் என்று கேட்டைத் தாண்டினாள். டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கையில் அழுக்குச் சட்டைகள் இருந்தன. காவலாளி பாக்கெட்டை எல்லாம் துழாவிப் பார்த்தான். காலருக்குள் விறைப்புக்கு வைக்கும் பட்டையை உருவிவிட்டு அந்த இடத்தில் மாத்திரைகளை வரிசையாகச் செருகித் தைத்திருந்தாள். லாண்ட்ரிக்காரன் வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்குத்தான் அந்த இடுக்கு தெரியும். வீட்டுக்கு வந்து பல்லால் நூலைக் கடித்துப் பிரித்தாள். முதல் மாத்திரையை வாலு விழுங்கியபோது நான் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, அதன்மேல் முதுகையும் சாய்த்து நின்றேன். பயத்தில் எனக்கு வேர்த்து ஊற்றியது. ஆனாலும் மனசுக்குள் ஒரு குதூகலம் இருந்ததை மறைக்கப் போவதில்லை.

தினமும் காலையில் வாரியத்திலிருந்து ஒரு அம்மாள் பூதக்கண்ணாடியோடு வருகைப் பதிவு எடுக்க வருவார். முதல் இரண்டு நாள் எல்லோரும் ஆஜர் என்றார். மூன்றாம் நாள் சீழ் குறைந்திருந்தது. “சில பேர் சொல்லாம லீவு போட்டிருக்காங்க,” என்று முகம் சுளித்தார். அதற்கு மறுநாள் காய்ச்சல் விட்டது. வாலு எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாள். வாரக் கடைசியில் புண் காய்ந்து மூடியிருந்தது. அம்மாள் நெடுநேரம் பார்த்துவிட்டு, “யாரையுமே காணோமே,” என்று பதறி எழுந்து ஓடினார்.

அன்றே இரங்கல் கூட்டம் போட்டார்கள். தெரு முழுவதும் வர வேண்டும் என்று உத்தரவு. பிளம்பர் முதல் வரிசையில் செருப்பில்லாமல் நின்று உண்மையாகவே அழுதார். ஆணையர் பேசினார்.

“கோடிக்கணக்கானவங்களை ஒரே வாரத்துல இழந்துட்டோம். ஒருத்தர் கூட முகம் சுளிச்சதில்ல. ஒருத்தர் பேர் கூட எனக்குத் தெரியாது. அதுதாங்க நல்ல ஊழியருக்கு அடையாளம்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “யார் காரணம்னு நான் தேடப் போறதில்ல. தேடினா கிடைச்சுடுவாங்க. கிடைச்சா அப்புறம் நாற்காலி போடணும்.” இதைச் சொல்லும்போது அவர் வேறெங்கும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

அங்கிருந்து எப்படி வீட்டுக்கு நடந்து வந்தேன் என்று தெரியாது. மனைவி சொன்னாள், “புண்ணு ஆறிடுச்சு. இனிமே அவ கால்ல ஆபீஸும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நாளைக்கே எங்க அக்கா வீட்டுக்குப் போயிடலாம். கடையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்.” இரண்டு பையில் துணிகளைத் திணித்தோம். வாலு புத்தகப் பையை மாட்டிக்கொண்டு, குதித்துக் காட்டி, “பாரும்மா, வலிக்கவே இல்ல,” என்றாள். கதவைத் திறந்தால் வாசலில் ஆணையர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு உதவியாளர், கையில் ஒரு சின்ன நீலப் புட்டி.

“ஊருக்கா?” என்றார்.

“ஆமா சார். அக்கா வீட்டுக்கு.”

“போயிட்டு வாங்க. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. கால்ல காலியான இடங்களை நிரப்பணும். காலியா விட்டா இடத்தையே ரத்து பண்ணிடுவாங்க. கிளையே போயிடும்.” புட்டியைக் காட்டினார். “புதுசாச் சேர வந்திருக்காங்க. இளவட்டங்க.”

குனிந்து வாலுவின் காலைப் பார்த்தார். காயம் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் மூடியிருந்தது. அதை விரலால் தடவினார்.

“பூட்டிட்டீங்களே.”

“ஆறிடுச்சு சார்.”

“சேர வந்தவங்க வெளியில நிக்கறாங்க, ஆபீஸ் பூட்டிக் கிடக்கு. நல்லாவா இருக்கு? திறந்து குடுங்க.”

உதவியாளர் பஞ்சைப் பிரித்தார். உள்ளே ஒரு பிளேடு. “புதுசுதான், பயப்படாதீங்க,” என்றார் ஆணையர், உண்மையான அக்கறையோடு. வாலு அம்மாவின் புடவைக்குள் புகுந்துகொண்டாள். மனைவி அவளை அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

எனக்குத் திடீரென்று தைரியம் வந்தது என்று நினைக்காதீர்கள். அப்படி ஒன்றும் வரவில்லை. நிற்க முடியாமல்தான் தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டினேன்.

“என் கால்ல வெச்சுக்கோங்க சார். இடம் பெருசு.”

ஆணையர் யோசித்தார். என் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார், விரல் கணுவால் தட்டிப் பார்த்தார், சுற்றளவைக் கையால் பிடித்துப் பார்த்தார். “பழைய இடத்தை விட தாராளமாத்தான் இருக்கு,” என்று உதவியாளரிடம் சொன்னார். “இப்படி வலிய முன்வர்ற ஜனங்க இருந்தா வாரியம் எங்கயோ போயிடும்.”

“அவங்க ரெண்டு பேரையும் கேட்டைத் தாண்டி விட்டுடுங்க சார்.”

“தாராளமாப் போகட்டும். அவங்ககிட்ட இப்ப எங்காளு யாரும் இல்லையே.”

பிளேடு ஆழமாகத்தான் இறங்கியது. புட்டியில் இருந்ததை ஊற்றியபோது எரிச்சல் உச்சந்தலை வரை ஏறியது. கத்தினால் குழந்தை பயப்படுவாள் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். காவலாளி தானே வந்து அவர்களுடைய பைகளைத் தூக்கிக்கொண்டான். மனைவி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். வாலு மட்டும் அவள் கையை உதறிவிட்டு வாசல் வரை ஓடி வந்தாள்.

“அப்பா, நீ எப்பப்பா வருவ?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஆணையர் குனிந்து அவள் கன்னத்தைத் தட்டினார்.

“அப்பாவால வர முடியாதும்மா,” என்றார் அன்பாக. “ஆபீஸ் இப்ப அவருகிட்டதான் இருக்கு.”